மூணு மாசக் கணக்கு எல்லா உடம்புக்கும் ஒத்து வராதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல மகளிர் பக்கத்துல கர்ப்பிணிகளுக்கான கட்டுரை ஒண்ணு வந்திருந்துச்சு, அதைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல, அதான் எழுத உக்காந்துட்டேன். கட்டுரையே தப்புன்னு சொல்ல வரல, எழுதினவங்க நல்ல மனசோட தான் எழுதியிருக்காங்க. ஆனா மூணு மாசம் முடிஞ்சா வாந்தியும் அசதியும் நின்னுடும், அதுக்கப்புறம் பயமில்ல, நிம்மதியா இருக்கலாம்னு அதுல ஒரு இடத்துல வருது பாருங்க, அந்த ஒரு வரி என் வீட்டுல ரெண்டு பேரை ரெண்டு விதமா பாடாப்படுத்தியிருக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு என் தங்கச்சி.

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன். என் மூத்தவன் வயித்துல இருந்தப்ப 6வது வாரத்துல மசக்கை ஆரம்பிச்சுது. காலையில வர்ற வாந்தின்னு சொல்லுவாங்களே, எனக்கு அது காலையில வரும், மத்தியானம் வரும், ராத்திரி தூக்கத்துல எழுந்தா அப்பவும் வரும். அதுலயும் பல்லு விளக்குறது தான் பெரிய கண்டம், பேஸ்ட் டியூப்பைத் திறந்தாலே அந்த வாசனைக்கு அடிவயித்துல இருந்து புரட்டிக்கிட்டு வரும். வெறும் பிரஷ்ஷைத் தண்ணியில நனைச்சு முன் பல்லை மட்டும் தேய்ச்சுட்டு வந்துடுவேன். இப்படியே ஆறு வாரம் ஓடுச்சு. 12 வாரம் 3 நாள் ஆன அன்னிக்கு காலையில எழுந்து ஏதோ யோசனையில பேஸ்ட் வெச்சு, கடவாய்ப்பல்லு வரைக்கும் தேய்ச்சு, வாய் கொப்பளிச்சுட்டு நிமிர்ந்தப்ப தான் எனக்கே உறைச்சுது, இன்னிக்கு குமட்டவே இல்லையேன்னு. கண்ணாடி முன்னாடி அப்படியே நின்னுட்டேன். சந்தோஷமா தான் இருந்துச்சு, ஆனா அது குளிச்சு முடிக்கிற வரைக்கும் கூட தங்கல. மார்ல இருந்த வலியும் நாலஞ்சு நாளா குறைஞ்ச மாதிரி இருந்துச்சா, கையால அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், வலிக்கணும் வலிக்கணும்னு வேண்டிக்கிட்டே அமுக்குறேன். வலிக்கல. அன்னில இருந்து ஸ்கேனுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அந்த நாலு ராத்திரியும் நான் தூங்கல, யார்கிட்டயும் சொல்லவும் இல்ல, வாய்விட்டு சொன்னா பலிச்சிடுமோன்னு ஒரு பயம்.

ஸ்கேன்ல பிள்ளை நல்லா இருந்தான். தலையில இருந்து புட்டம் வரைக்கும் 66 மில்லிமீட்டர்னு திரையில வந்துச்சு, கை முகத்துகிட்ட இருந்துச்சு, இதயம் படபடன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அங்கயே அழுதுட்டேன். அப்புறம் டாக்டரம்மா தான் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க, ஹெச்சிஜின்னு ஒரு ஹார்மோன், நாம வீட்டுல டெஸ்ட் பண்ணினா ரெண்டு கோடு காட்டுதே அதே ஹார்மோன் தான், அது 8ல இருந்து 11 வாரத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு அப்புறம் இறங்க ஆரம்பிக்கும், அதே நேரத்துல நச்சுக்கொடி நல்லா வளர்ந்து கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோனைத் தானே சுரக்க ஆரம்பிச்சுடும், அதனால நிறைய பேருக்கு 12, 13 வாரத்தை ஒட்டி குமட்டலும் அசதியும் குறையும், சிலருக்கு மெதுவா, சிலருக்கு ஒரே நாள்ல சுவிட்ச் போட்ட மாதிரின்னு. இதை யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அந்த நாலு ராத்திரி மிச்சம்.

இதுல ஒரு விஷயத்தை யாருமே எழுத மாட்டேங்கிறாங்க, அதை நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுறேன். வாந்தி நின்ன பிறகு ஒரு ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் உடம்பு சத்தமே போடாம இருக்கும். வயிறு வெளிய தெரியாது. பிள்ளை அசையுறது நமக்குத் தெரிய 16ல இருந்து 20 வாரம் ஆகும், முதல் பிள்ளைன்னா பெரும்பாலும் 20 வாரம் கிட்ட தான் புரியும். குமட்டலும் இல்ல, அசைவும் இல்ல, வயிறும் இல்ல, உள்ள ஒரு உசுரு இருக்குதுங்கிறதுக்கு நம்ம கையில ஒரு அத்தாட்சியும் இல்ல. கருச்சிதைவுல பெரும்பங்கு முதல் 12 வாரத்துக்குள்ள தான் நடக்குது, அதைத் தாண்டிட்டா ஆபத்து நல்லாவே குறைஞ்சுடுதுங்கிறது உண்மை, ஆனா இந்த உண்மை ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கையில முழிச்சுக்கிட்டு இருக்கிறவளுக்கு உதவுறதில்ல. அப்ப என்ன செய்யணும்னா கூச்சப்படாம டாக்டர்கிட்ட போயி எனக்கு பயமா இருக்கு, துடிப்பைக் கேக்க வையுங்கன்னு கேக்கணும். 12 வாரம் வாக்குல டாப்ளர் கருவியை அடிவயித்துல வெச்சாலே அவங்களுக்குக் கேட்டுடும், சில நேரம் இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம் கூட ஆகலாம். அந்த மெஷினை வாங்கி வீட்டுலயே வெச்சுக்காதீங்க, நம்ம நாடித்துடிப்பையே பிள்ளையோடதுன்னு நினைச்சு நிம்மதி ஆயிடுவோம், இல்லன்னா கேக்கலைன்னு வீணா கலங்கிப் போயிடுவோம், ரெண்டுமே கெடுதல்.

அப்புறம் இந்த மூணு மாசக் கணக்கே பல பேருக்குக் குழப்பம். கடைசியா பீரியட்ஸ் வந்த முதல் நாள்ல இருந்து தான் வாரத்தை எண்ணுறாங்க, அதனால நாள் தள்ளிப்போயி டெஸ்ட் பண்ணும்போதே 4 வாரம் ஆகியிருக்கும். மொத்தம் 40 வாரம், 280 நாள். முதல் பருவம்னு சொல்றது 13 வாரம் 6 நாளோட முடியுது. டெஸ்ட் பண்ணின நாள்ல இருந்து எண்ணுறவங்க, கணக்குல ஒரு மாசம் பின்னாடியே இருப்பாங்க. எந்த வாரத்துல இருக்கோம்னு சரியாத் தெரியாம இன்னும் நிக்கலையே, இல்ல அதுக்குள்ள நின்னுடுச்சேன்னு கலங்குறது எத்தனை வீட்டுல நடக்குது. அந்த 11ல இருந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள எடுக்கிற ஸ்கேனும் அப்படித்தான், அதுல பிள்ளையோட பின் கழுத்துல இருக்கிற நீரோட அளவைப் பாக்குறாங்க, நாள் தப்பினா அந்த அளவு எடுக்க முடியாமப் போயிடும், அதனால வாரக்கணக்கை ஒரு காகிதத்துல எழுதி வெச்சுக்கிறது நல்லது.

இப்ப என் தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன், இதுக்காகத்தான் இந்த லெட்டரே.

அவளுக்கு 7 வாரத்துல ஆரம்பிச்ச வாந்தி, 12 ஆச்சு 13 ஆச்சு, நிக்கல. வீட்டுல பெரியவங்க மூணு மாசம் முடியட்டும், நாள் எண்ணு, எண்ணுன்னாங்க. அவளும் எண்ணுனா. போன்ல ஒவ்வொரு நாளா அடிச்சு விட்டுக்கிட்டே வந்தா. 14வது வாரம் பொறந்தப்புறமும் வாந்தி வந்துச்சு, அப்பத்தான் பேச்சு மாறுச்சு. அதான் மூணு மாசம் ஆயிடுச்சே, இன்னும் என்ன, மனசு தான் காரணம், எழுந்து நாலு வேலை பார்த்தா எல்லாம் போயிடும், நாங்கல்லாம் பெத்துக்கலையா. நீங்க சொல்ற அந்த வரியை வீட்டுல எல்லாரும் நம்புறதால தானே இந்தப் பேச்சு. அவளே நம்பிட்டா, என்கிட்ட போன்ல, அக்கா என்கிட்ட தான் ஏதோ கோளாறு, எல்லாருக்கும் நிக்குது எனக்கு மட்டும் நிக்கல, நான் மனசு வெச்சா நிறுத்திடலாம்னு சொல்றாங்கன்னு அழுதா.

நான் நேர்ல போயி பார்த்தப்ப பக்குன்னு ஆயிடுச்சு. கட்டில் ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் பேசின், பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி, மேல ஆடை மாதிரி தூசி படிஞ்சிருக்கு, யாரும் குடிச்ச அடையாளமே இல்ல. உதடு ரெண்டும் வெடிச்சு தோல் உரிஞ்சிருக்கு. உக்கார வெச்சா தலை சுத்துதுன்னு திரும்ப சாயுறா. கடைசியா எப்ப யூரின் போனேன்னு கேட்டேன், காலையில ஒருதடவைன்னா, அப்ப சாயங்காலம் அஞ்சு மணி. என்ன கலர்ல போச்சுன்னு கேட்டேன், டிகாக்‌ஷன் மாதிரின்னா. நாள் தள்ளிப்போனப்ப 52 கிலோ இருந்தவ, அன்னிக்கு எடை பார்த்தா 49. அதுக்கு முந்தின வாரம் தான் ஒரு கிளினிக்ல காட்டியிருக்காங்க, அங்க எடை கூட பாக்காம இதெல்லாம் சகஜம்மா, தானா சரியாயிடும்னு அனுப்பியிருக்காங்க.

52ல 3 கிலோ போறதுன்னா சின்ன விஷயம் இல்லைங்க. கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்த எடையில நூத்துக்கு அஞ்சு பங்குக்கு மேல குறைஞ்சு, உடம்புல நீர் வத்தி, யூரின்ல கீட்டோன் (சாப்பாடு இல்லாம உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வர்ற பொருள்) வந்துச்சுன்னா அது மசக்கை இல்ல, அது வைத்தியம் பாக்க வேண்டிய நோய். அன்னிக்கு ராத்திரியே வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், கீட்டோன் இருந்துச்சு, டிரிப்ஸ் ஏத்துனாங்க, அதுக்கு முன்னாடி பி1 வைட்டமின் குடுத்தாங்க, வாரக்கணக்கா வாந்தி எடுக்கிறவங்களுக்கு அது வத்திப்போயி மூளையையே பாதிக்குமாம். வாந்திக்கு மருந்தும் குடுத்தாங்க. கர்ப்பத்துல வாந்திக்கு மாத்திரையே போடக்கூடாதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, பி6 வைட்டமினும் டாக்ஸிலமைனும் சேர்ந்த மாத்திரை பல வருஷமா குடுக்குறது தான், டாக்டர் எழுதிக் குடுத்து போடணும், அவ்வளவு தான். இன்னொரு சங்கதியும் அங்க சொன்னாங்க, ஜிடிஎஃப் 15னு ஒரு ஹார்மோன், நச்சுக்கொடியில இருந்து தாயோட ரத்தத்துக்கு வருது, கர்ப்பத்துக்கு முன்னாடி உடம்புல அது கம்மியா இருந்தவங்களுக்கு திடீர்னு கூடும்போது தாங்காம கடுமையான வாந்தி வருதுன்னு 2023ல ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. இதைக் கேட்டதும் தங்கச்சி என் கையைப் புடிச்சுக்கிட்டு, அப்ப நான் வேணும்னு பண்ணலைல்லக்கான்னு கேட்டா. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ஏழெட்டு வாரமா அந்தப் புள்ள தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு படுத்திருந்திருக்கா.

கர்ப்பமானவங்கள்ல பத்துல ஏழு எட்டு பேருக்கு குமட்டல் வருது, அதுல நிறைய பேருக்கு 12, 14 வாரத்துல குறையுது, கொஞ்சம் பேருக்கு 16, 20 வாரம் வரைக்கும் இழுக்குது, ரொம்ப சிலருக்கு கடைசி வரைக்கும் இருக்குது, சிலருக்கு ஆரம்பத்துல இருந்தே ஒண்ணும் இருக்கறதில்ல. நாலு வகையிலயும் பிள்ளை நல்லபடியா பொறக்குது. இதை அப்படியே போட்டிருந்தீங்கன்னா போதுமே.

மத்த தொந்தரவையும் கட்டுரையில ஒரே வரியில தாண்டிட்டாங்க, எனக்கு நேர்ந்ததையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன். கர்ப்பப்பை 12 வாரத்துல இடுப்பெலும்புக் கூட்டை நிறைச்சுட்டு, அதுக்கு மேல வயித்துக்குள்ள ஏற ஆரம்பிக்குது. அதுவரைக்கும் மூத்திரப்பையை அமுக்கிக்கிட்டு இருந்தது கொஞ்சம் விலகுறதால அடிக்கடி பாத்ரூம் ஓடுறது குறையும், ஆனா முழுசா நிக்காது, ஏன்னா கிட்னி முன்னைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேலை பாக்குது. ராத்திரி எழுந்திரிக்கணுமேன்னு தண்ணியைக் குறைக்கிறவங்க நிறைய பேர், நானும் அதைப் பண்ணினேன், பலன் மலச்சிக்கல் தான். கர்ப்பத்தைத் தாங்குற புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் குடலை மெதுவாக்கிடுது, போதாததுக்கு அயர்ன் மாத்திரையும் சேரும்போது இறுகிப்போயிடும், முக்கி முக்கி மூலம் வந்தவங்களை எனக்குத் தெரியும். தண்ணியைப் பகல்லயே நிறையக் குடிச்சுட்டு படுக்கப்போற ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் குறைச்சுக்கலாம். நெஞ்செரிச்சலுக்கும் இதே ஹார்மோன் தான் காரணம், இரைப்பைக்கு மேல இருக்கிற மூடி தளர்ந்துடுது.

கர்ப்பப்பை மேல ஏறும்போது அதை ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சிருக்கிற தசைநார் கயிறு மாதிரி இழுபடும். தும்மினாலோ, படுக்கையில சட்டுன்னு புரண்டாலோ தொடை இடுக்குகிட்ட ஒரு பக்கமா கத்தியால கீறுன மாதிரி ஒரு சுருக்கு. ரெண்டாவது பிரசவத்துல 13 வாரத்துல எனக்கு இது வந்து ஒரு நிமிஷம் மூச்சே நின்ன மாதிரி ஆயிடுச்சு. அசையாம இருந்தா சில வினாடியில விட்டுடும். தும்மல் வர்றது தெரிஞ்சா இடுப்பை மடக்கிக்கிட்டா வலி கம்மி. ஆனா விட்டு விட்டு பீரியட்ஸ் வலி மாதிரி பிசைஞ்சுக்கிட்டே இருந்தா, கூட ரத்தமும் பட்டா அது இந்த வலி இல்ல, உடனே போகணும்.

ரத்தக்குழாய் தளர்றதால பிபி கொஞ்சம் இறங்கும், அதனால தான் சட்டுன்னு எழுந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருது. படுக்கையில இருந்து எழுந்திரிக்கும்போது ஒருக்களிச்சு, கொஞ்சம் உக்காந்து, அப்புறம் நிக்கணும். உடம்புல ரத்தமே போகப்போக நாப்பது அம்பது சதவீதம் கூடுது, மூக்கு அடைக்கிறதும் ஈறுல ரத்தம் கசியுறதும் அதுக்காகத்தான், பல்லு விளக்குறதை நிறுத்திடக்கூடாது. வாந்தி எடுத்த கையோட மட்டும் பல்லு தேய்க்காதீங்க, புளிப்பு பட்டு எனாமல் இளகியிருக்கும், வெறும் தண்ணியில, இல்ல ஒரு கப் தண்ணியில ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிச்சுட்டு ஒரு மணி நேரம் விட்டுத் தேய்க்கணும். இதை எனக்கு ரெண்டாவது பிள்ளை அப்ப தான் பல் டாக்டர் சொன்னார், அதுக்குள்ள ஒரு பல் கூசி கூசி பாழாப்போச்சு.

பேசத் தயங்குற விஷயமும் இருக்கு. வெள்ளைப்படுதல் இந்த நேரத்துல கூடும், பால் மாதிரி மெல்லிசா, பெரிசா வாடை இல்லாம இருந்தா அது இயல்பு. அரிப்பு, துர்நாற்றம், பச்சை மஞ்சள் நிறம், யூரின் போகும்போது எரிச்சல்னு வந்தா இன்ஃபெக்‌ஷன், அதை வெட்கப்பட்டு மூடி வெச்சுக்கிட்டா கிட்னி வரைக்கும் போகும். முதல் மூணு மாசத்துல நாலுல ஒருத்தருக்கு கொஞ்சமாவது ரத்தம் படுது, அதுல நிறைய பேருக்கு கர்ப்பம் நல்லபடியா தொடருது, ஆனாலும் அது எதனாலன்னு டாக்டர் தான் பார்த்துச் சொல்லணும், பக்கத்து வீட்டு அக்கா சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது.

ஆசிரியர் அய்யா, நான் கேக்குறது ஒண்ணு தான். அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடும்போது சகஜம்ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துலயே ஒரு கட்டம் கட்டி, பெரிய எழுத்துல, 24 மணி நேரமா தண்ணி கூட வயித்துல தங்கலைன்னா, 8 மணி நேரமா யூரின் போகலைன்னா இல்ல கருத்துப் போச்சுன்னா, எழுந்து நிக்க முடியாம மயக்கம் வந்தா, எடை குறைஞ்சுக்கிட்டே போனா, நாப்கின் நனையுற அளவு ரத்தம் போனா, ஒரு பக்க அடிவயித்துல விடாத வலி இல்ல தோள்பட்டை நுனியில வலி வந்தா, குளிர் காய்ச்சல் வந்தா எத்தனாவது வாரமா இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு போடுங்க. அந்தக் கட்டத்தைக் கத்தரிச்சு கட்டில்கிட்ட ஒட்டி வெச்சுக்குற பொண்ணுங்க இருப்பாங்க. வீட்டுல யாராவது மூணு மாசம் தான் ஆயிடுச்சேன்னு ஆரம்பிச்சா, அவ பேப்பரைக் காட்டுவா, நம்ம வீடுகள்ல அவ பேச்சை விட பேப்பர்ல வந்தது எடுபடும்.

தங்கச்சிக்கு இப்ப 18 வாரம் நடக்குது. வாந்தி முழுசா நிக்கல, ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவையோட போயிடுது, மாத்திரை போட்டுக்குறா, எடை 50ஐத் தாண்டிடுச்சு. நேத்து ராத்திரி போன் பண்ணி, தொப்புளுக்குக் கீழ ஏதோ குமிழி உடையுற மாதிரி இருந்துச்சுக்கா, அது தானான்னு கேட்டா. அதுவா இருக்கலாம்டி, அசையாமப் படுத்துப் பாருன்னேன். ரெண்டு பேரும் போனை வைக்காம காத்துக்கிட்டு இருந்தோம்.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளை பெத்த உங்க நெடுநாள் வாசகி